110-இல் ஏன் கை நடுங்குகிறது?

மருந்தை மாற்றிய பிறகோ சாப்பாட்டை ஒழுங்குக்குக் கொண்டுவந்த பிறகோ, இரண்டாம் மூன்றாம் வாரத்தில் பலர் மருத்துவரிடம் ஒரே புகாரோடு வருவார்கள். "முன்னே 250, 300 இருந்தப்போ எனக்கு ஒண்ணுமே தெரியலை. இப்பதான் கை நடுங்குது, நெஞ்சு படபடங்குது, வேர்த்துக் கொட்டுது. சுகர் லோ ஆயிடுது டாக்டர்." அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்த்திருந்தால் குளுக்கோமீட்டர் 110 காட்டியிருக்கும், சில சமயம் 130. "நார்மல்தானே, பயப்படாதீங்க" என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிடுவார். நடுங்கியது தன் கை என்பதால் நோயாளிக்கு அது ஒரு பதிலாகவே படாது. வீட்டுக்குப் போனதும் தானாகவே ஒரு மாத்திரையைக் குறைப்பார், அல்லது பையில் எப்போதும் ஒரு பாக்கெட் பிஸ்கட் வைத்துக்கொள்வார். அடுத்த முறை பார்க்கும்போது மூன்று மாதச் சராசரி பழைய இடத்துக்கே போயிருக்கும். மருந்து சரியில்லை என்று வேறு மருந்து எழுதப்படும். நடுக்கம் நிஜம்தான், கற்பனை இல்லை. ஆனால் 110-இல் அது எழுப்பும் அபாயக் குரல் தவறானது. இந்த இரண்டையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளாத வரை சர்க்கரையைக் கீழே கொண்டுவரவும் முடியாது, கொண்டுவந்த இடத்தில் நிறுத்தவும் முடியாது.

உடம்பு எப்படி எச்சரிக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சர்க்கரை நோய் இல்லாத ஒருவருக்கு 100 மி.லி. இரத்தத்தில் சர்க்கரை 80 மி.கி. அளவுக்கு வரும்போதே இன்சுலின் சுரப்பு அடங்கத் தொடங்கும். 70-ஐ நெருங்கினால் கணையம் குளுகாகானை விடும், அட்ரினல் சுரப்பி அட்ரினலினை விடும், கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை இரத்தத்துக்குத் தள்ளும். இவ்வளவும் நமக்குத் தெரியாமலே நடந்து முடியும். 55-ஐ ஒட்டி இறங்கும்போதுதான் நடுக்கம், படபடப்பு, வியர்வை, அகோரப் பசி எல்லாம் ஆளுக்குத் தெரியும். இவை அட்ரினலினும் தன்னியக்க நரம்புகளும் சேர்ந்து செய்யும் வேலை. மூளைக்கே சர்க்கரை போதாமல் போகும்போது தெரிவது வேறு வகை. பேச்சு குழறும், சில்லறை எண்ண வராது, சம்பந்தமில்லாத கோபம் வரும், கண் மங்கும், கடைசியில் நினைவு தப்பும். 110-இல் நடுங்குகிறவருக்கு முதல் வகை மட்டும் இருக்கும். தான் எங்கே இருக்கிறோம், என்ன பேசுகிறோம் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்காது.

இந்த எண்கள் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப் கிரையரின் குழு 1988-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. சர்க்கரை மிகவும் கட்டுக்கடங்காமல் இருந்த முதல் வகை நோயாளிகளையும் நோயே இல்லாதவர்களையும் எடுத்துக்கொண்டு, இன்சுலின் செலுத்தி, இரத்தச் சர்க்கரையைப் படிப்படியாக இறக்கி, யாருக்கு எந்த இடத்தில் அறிகுறி தொடங்குகிறது என்று பார்த்தார்கள். நோய் இல்லாதவர்களுக்குச் சராசரியாக 53-இல் தொடங்கியது. நோயாளிகளுக்கு 78-லேயே தொடங்கிவிட்டது. அதே காலத்தில் வந்த வேறு ஆய்வுகள் இதன் மறுபக்கத்தைக் காட்டின. இறுக்கமான சிகிச்சையில் சர்க்கரையைக் கீழே வைத்திருப்பவர்களுக்கு அட்ரினலின் கிளம்பும் அளவும் கீழே போயிருந்தது. அதாவது எச்சரிக்கை ஒலிக்கும் இடம், அந்த உடம்பு அண்மைக் காலத்தில் எந்த அளவுக்குப் பழகியிருந்ததோ அதை ஒட்டி நகர்கிறது. உச்சிவெயிலில் இருந்து வீட்டுக்குள் நுழைகிறவருக்குக் கூடம் இருட்டாகத் தெரிவதைப் போன்றதுதான் இது. கூடத்தில் வெளிச்சம் போதுமான அளவு இருக்கிறது. கண்தான் இன்னும் வெயிலில் இருக்கிறது.

ஆய்வு 78 என்கிறது, நமது ஆள் 110-இல் நடுங்குகிறாரே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 78 என்பது சராசரி. ஆளுக்கு ஆள் மேலும் கீழும் இருக்கும். தவிர, ஆய்வுக்கூடத்தில் சர்க்கரையை நிமிடக் கணக்கில் அளந்துகொண்டே இருந்தார்கள். வீட்டில் நடுக்கம் வந்த பிறகு மீட்டரைத் தேடி, ஸ்ட்ரிப் எடுத்து, குத்திப் பார்ப்பதற்குள் கல்லீரல் தன் பங்கைச் செய்து சர்க்கரையை ஏற்றத் தொடங்கியிருக்கலாம். மூன்றாவதாக, பயம் தானே அட்ரினலினைச் சுரக்கவைக்கும். ஒருமுறை நிஜமாகவே லோ ஆகிப் பயந்தவருக்கு அடுத்த முறை சாதாரணப் பசியே போதும். எந்தப் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொருவரிடமும் பிரித்துச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எந்தப் பங்காக இருந்தாலும் 110-இல் மூளை பட்டினி கிடக்கவில்லை.

மிக வலுவானதாகத் தோன்றும் எதிர்வாதம் பிஸ்கட்டிலிருந்து வருகிறது. "நாலு பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட டீயும் குடிச்சேன், பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு. லோ இல்லைன்னா எப்படிச் சரியாகும்?" ஒரு காலையை எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் எட்டு மணிக்கு ஐந்து இட்லி சாப்பிட்டு, பதினொரு மணிக்கு 260-இல் இருந்தவர், இப்போது மூன்று இட்லியும் புதிய மாத்திரையுமாகப் பதினொன்றரைக்கு 104-இல் இருக்கிறார். கை நடுங்குகிறது. பிஸ்கட்டும் டீயும் உள்ளே போகின்றன. அட்ரினலின் இரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். உட்கார்ந்து, ஆபத்து கடந்துவிட்டது என்று மனம் தேறினாலே படபடப்பு அடங்கும். சர்க்கரையும் ஏறத் தொடங்குவதால் ஆறுதல் இரட்டிப்பாகத் தெரிகிறது. பன்னிரண்டரைக்கு யாராவது குத்திப் பார்த்தால் 190, 200 காட்டும். அப்போது உடம்பு நன்றாக இருக்கிறது, எனவே யாரும் குத்திப் பார்ப்பதில்லை. பிஸ்கட்டால் சரியானது என்பது உண்மை. பழக்கப்பட்ட உயரத்துக்கு உடம்பைத் திரும்பக் கொண்டுபோனால் உடம்பு சமாதானமாகும் என்பதைத் தவிர அதில் வேறு எதுவும் நிரூபணமாகவில்லை. இப்படி ஒவ்வொரு நடுக்கத்துக்கும் தீனி போட்டால் உடம்பு புதிய அளவுக்குப் பழக வாய்ப்பே கிடைப்பதில்லை. சில வாரங்களில் போக வேண்டிய தொல்லை ஆண்டுக்கணக்கில் நீள்வது இப்படித்தான்.

இதன் தொடர்ச்சியாக வருவதுதான் "எனக்கு 200 இருந்தாத்தான் ஒத்துக்குது" என்னும் முடிவு. உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை; வலி, மூச்சுத்திணறல், காய்ச்சல் போன்றவற்றில் அது பெரும்பாலும் சரியாகவே சொல்லும். சர்க்கரை விஷயத்தில் அதற்கு ஒரு குருட்டுத்தனம் உண்டு. மெல்ல ஏறுவதை அது பெரும்பாலும் அறிவிப்பதில்லை. 200 சராசரியோடு பத்தாண்டு இருப்பவரின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் பாத நரம்பிலும் நடக்கும் சேதம் அவருக்கு ஒருநாள்கூட நடுக்கமாகத் தெரிந்திருக்காது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நோயாளிகள் 1,441 பேரை வைத்து நடத்தி 1993-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், மூன்று மாதச் சராசரி (HbA1c, சதவீதத்தில்) 9 இருந்தவர்களோடு ஒப்பிட்டால் 7-ஐ ஒட்டி வைத்திருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகிய மூன்றிலும் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. இரண்டாம் வகை நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வும் அதே பக்கம்தான் நின்றது. சராசரி 7 என்றால் நாள் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 154, 9 என்றால் 212. "எனக்கு ஒத்துக்கொள்கிறது" என்று சொல்லப்படும் அந்த 200 இதில் எந்தப் பக்கம் என்பது தெளிவு.

ஆனால் இந்த வாதத்தை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டால் ஆள் செத்துப்போகலாம். நடுக்கத்தையெல்லாம் "பழக்கதோஷம்" என்று ஒதுக்கிவிட்டு நிஜமான தாழ்சர்க்கரையைத் தவறவிடுவது பிஸ்கட் தின்பதைவிட மோசமான தவறு. அதனால்தான் தீர்ப்பை உடம்பிடமும் விடக்கூடாது, தைரியத்திடமும் விடக்கூடாது, மீட்டரிடம் விட வேண்டும். 70-க்குக் கீழே காட்டினால் உடம்பு எப்படி இருந்தாலும் அது தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் அவசரம். எதுவானாலும் உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ மூன்று நான்கு டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரையோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு சாப்பாடோ இரண்டு இட்லியோ சாப்பிட வேண்டும். லட்டு, மைசூர்பாகு, சாக்லேட் இந்த வேலைக்கு ஆகாது. அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் இரத்தத்தில் சேரவிடும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். மீட்டர் கையில் இல்லை, இன்சுலினோ கிளிமிபிரைட் போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர் என்றால் சந்தேகத்தின் பலனை லோவுக்கே கொடுத்து சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் முதலில் ஓரம் கட்டி நிறுத்த வேண்டும்.

மீட்டரும் தவறும். இன்றைய சர்வதேசத் தரத்தின்படி, 100-க்குக் கீழான அளவுகளில் நூற்றுக்கு 95 முறை, 15 மி.கி. வரை முன்பின் காட்டினால் அது தேறிய மீட்டர். ஆக 75 என்று காட்டுவது 60 ஆகவும் இருக்கலாம், 90 ஆகவும் இருக்கலாம். அதனால் 70-க்கும் 90-க்கும் இடையில் காட்டி, அறிகுறியும் இருந்து, இன்சுலினோ கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவராகவும் இருந்தால், ஒரு சிறிய வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். 100-க்கு மேல் என்றால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் பதினைந்து நிமிடம் கழித்து இன்னொருமுறை பார்க்கலாம். சற்று முன் இன்சுலின் போட்டு, எண் மளமளவென்று இறங்குகிறது என்றால் மட்டும் காத்திருக்காமல் சாப்பிட வேண்டும். இன்னொன்று, பார்க்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைப்பது வெறும் சடங்கு இல்லை. மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் பழச்சாறும் துளி இரத்தத்தில் கலந்து, 65 இருக்கும் ஆளுக்கு மீட்டர் சர்வசாதாரணமாக 150-க்கு மேல் காட்டிவிடும். பொய்யான ஆறுதலிலேயே இதுதான் கொடியது.

யாருக்கு நிஜமான லோ வரும் என்பது பெரும்பாலும் மருந்துச் சீட்டிலேயே எழுதியிருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு, சாப்பாட்டைத் தவிர்த்தாலொழிய அது அரிது. இன்சுலின், கிளிமிபிரைட், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் எடுப்பவர்களுக்கு நிஜமாகவே வரும். இவற்றில் பழைய மருந்தான கிளிபென்கிளமைட் தரும் லோ நீண்ட நேரம் இழுக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் இன்னும் அதிகம். சனிக்கிழமை விரதமோ ரமலான் நோன்போ இருப்பவர்கள் மாத்திரை நேரத்தையும் அளவையும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் பலர் எடுக்கும் கலவை மாத்திரைகளில் வோக்லிபோஸ் சேர்ந்திருக்கும், சிலவற்றில் அகார்போஸ். இவை சாதாரணச் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் குடல் உடைப்பதைத் தடுப்பவை. எனவே அவர்களுக்கு லோ வந்தால் சர்க்கரைத் தண்ணீரும் பிஸ்கட்டும் சரியான நேரத்துக்குக் கைகொடுக்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகை மருந்து எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் அமுங்கிப்போகலாம். வியர்வை மட்டும் மிஞ்சும்.

எல்லாவற்றையும் சர்க்கரைக் கணக்கில் எழுதிவிடும் பழக்கமும் நமக்கு உண்டு. மீட்டர் 140 காட்டுகிறது, ஆனால் குப்பென்று வியர்க்கிறது, நெஞ்சு கனக்கிறது, மூச்சு முட்டுகிறது என்றால் அது உடம்பு புதிய அளவுக்குப் பழகும் தொல்லையாக இருக்க வேண்டியதில்லை, மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும் என்பதால் இதில் காத்திருந்து பார்க்கும் வேலை கூடாது. எழுந்து நிற்கும்போது மட்டும் தலை கிறுகிறுத்தால் இரத்த அழுத்தத்தை உட்கார்ந்தும் நின்றும் அளக்கச் சொல்ல வேண்டும். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளோடு தண்ணீர் குறைவாகக் குடித்தால் இது நேரும்.

அப்படியானால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மாதத்தில் இறக்கிவிட வேண்டியதுதானா? இல்லை. இங்கே நோயாளியின் புகாரில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். 1993 ஆய்விலேயே சர்க்கரையை இறக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் சிலருக்கு விழித்திரைப் பாதிப்பு சற்று மோசமாகி, அதன் பிறகே பலன் தெரிந்தது. கடுமையான தாழ்சர்க்கரையும் மற்றவர்களைவிட மூன்று மடங்கு வந்தது. இதய நோய் அபாயம் அதிகம் உள்ள இரண்டாம் வகை நோயாளிகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த இன்னொரு ஆய்வில், மூன்று மாதச் சராசரியை 6-க்குக் கீழே கொண்டுபோக முயன்ற பிரிவில் இறப்பு கூடியதால் 2008 பிப்ரவரியில் அந்தச் சிகிச்சையையே நிறுத்தினார்கள். மூன்று மாதத்துக்குள் சராசரியை 2 புள்ளிக்கு மேல் இறக்கியவர்களில் சிலருக்குப் பாதத்தில் கடும் எரிச்சலும் நரம்பு வலியும் கிளம்புவதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே 11, 12-இல் இருக்கும் ஒருவர் மருத்துவரிடம் "கொஞ்சம் மெதுவா இறக்கலாமா?" என்று கேட்பது கோழைத்தனம் ஆகாது. இறக்கத் தொடங்கும் முன் கண் பரிசோதனை செய்துகொள்வதும் அவசியம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்த அவகாசம் இல்லை. அவர்களுக்கு வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே வேண்டும், அதை மருத்துவர் மேற்பார்வையில் வேகமாகத்தான் செய்ய வேண்டியிருக்கும். தனியாக வசிக்கும், அடிக்கடி லோ ஆகும், நினைவு தடுமாறும் எண்பது வயதுக்காரருக்கு இலக்கே வேறு. அவருக்குச் சராசரி 8-ஐ ஒட்டி இருந்தால் போதும் என்று மருத்துவர் சொன்னால் அது அலட்சியம் இல்லை.

பழகும் காலம் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்கள். அந்த வாரங்களில் உதவுவது மனத்திடத்தைவிடச் சாப்பாட்டு நேரம். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஆறு மணி நேரம் இடைவெளி விட்டுவிட்டு நடுக்கத்தோடு மல்லுக்கட்டுவதில் பொருளில்லை. இட்லியோடு சாம்பாரைத் தாராளமாக ஊற்றிக்கொள்வது, தோசைக்குப் பதில் பாதி நாள் அடையோ பெசரட்டோ, பதினொரு மணிக்கு ஒரு கைப்பிடி சுண்டல் அல்லது மோர் என்று வைத்துக்கொண்டால் ஏற்றமும் இறக்கமும் செங்குத்தாக இராது. பிஸ்கட்டுக்கும் சுண்டலுக்கும் வித்தியாசம் இதுதான்: முன்னது நடுக்கம் வந்த பிறகு உடம்பைப் பழைய உயரத்துக்குத் தூக்குகிறது, பின்னது நடுக்கம் வரும் அளவுக்குச் சரிவை விடுவதில்லை. நடுக்கம் வந்த ஒவ்வொரு முறையும் நேரம், மீட்டர் காட்டிய எண், கடைசியாகச் சாப்பிட்டது, போட்ட மாத்திரை ஆகியவற்றைக் குறித்து வைத்தால், அடுத்த முறை "அடிக்கடி லோ ஆகுது" என்று பொதுவாகச் சொல்லாமல் தாளையே மருத்துவரிடம் நீட்டலாம். எல்லாம் 100-க்கு மேல் என்றால் மருந்தைத் தொட வேண்டாம் என்பது இருவருக்கும் தெரியும். நாலில் இரண்டு 70-க்குக் கீழே என்றால் குறைக்க வேண்டியது மருந்தைத்தான்.

எச்சரிக்கை கீழே நகரும் என்றேன். அது அளவுக்கு மீறியும் நகரும். அடிக்கடி 60, 50 என்று போய்வருகிறவருக்கு ஒரு கட்டத்தில் 45-இல்கூட நடுக்கம் வராது; பேசிக்கொண்டிருக்கும்போதே குழறத் தொடங்குவார், பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஒரு லோகூட வராமல் மருந்தைத் தளர்த்தி வைத்தால் போன எச்சரிக்கை பெரும்பாலும் திரும்பிவரும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 110-இல் நடுங்குகிறவரும் 45-இல் நடுங்காதவரும் ஒரே விதியின் இரண்டு முனைகள். இருவருமே உடம்பை நம்பி மீட்டரை ஒதுக்கினால் தவறுவார்கள்.

சர்க்கரை இறங்கும் வாரங்களில் வேறு சிலவும் கூடவே வரும். 180-க்கு மேல் இருந்தபோது சிறுநீரில் வீணாய்ப் போன சர்க்கரை இப்போது உடம்பிலேயே தங்குவதால் இரண்டு மூன்று கிலோ எடை ஏறலாம். சாப்பாட்டைச் சற்றுக் குறைத்து, நடையைக் கூட்டினால் அது நிற்கும். புதிதாக இன்சுலின் தொடங்கியவருக்குக் கணுக்காலில் லேசான வீக்கம் வந்து தானாகவே வடியும். வடியாவிட்டால் காட்ட வேண்டும். செய்தித்தாள் எழுத்து திடீரென்று கலங்கலாகத் தெரிந்தால் பலர் கண்ணாடிக் கடைக்கு ஓடுகிறார்கள். கண்ணின் வில்லையில் நீரின் அளவு மாறுவதால் வரும் தற்காலிகக் கலக்கம் அது. சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து ஆறு வாரம் ஆகும் முன் புதுக் கண்ணாடி செய்தால், கண் தெளிந்ததும் அந்தக் கண்ணாடி பயன்படாமல் போகும். ஒரு கண்ணில் மட்டும் மங்கினாலோ, கறுப்புத் திட்டுகள் மிதந்தாலோ மட்டும் ஆறு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே விழித்திரை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.